காயில்காரர் தாமஸின் வலது தோள்

கோயமுத்தூரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் எரிந்த மோட்டாரை மோந்து பார்த்தே அதன் சொந்தக்காரர் செய்த தப்பைச் சொல்கிறவர் தாமஸ் ஒருத்தர்தான். சொன்னதோடு விடவும் மாட்டார், திட்டுவார். ஐம்பத்தேழு வயதில் அந்த வாய்க்கு ஒரு ரிப்பேரும் வரவில்லை. வலது தோளுக்குத்தான் வந்தது.

அது வெறும் தோளா? பங்குத் திருவிழாவில் மாதா சப்பரத்தின் முன்பக்க வலது கட்டை இருபத்திரண்டு வருசமாக அந்தத் தோளில்தான். நடுவில் ஒரு நிமிசம் யாருக்கும் மாற்றிக் கொடுத்ததில்லை. மச்சினன் ஜெப்ரி, இன்றைக்காவது கொடுப்பார் என்று பின்னாலேயே நடந்து கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

திருவிழாவுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, கையைத் தூக்கினால் சுருக்கென்றது. "தினமும் மெதுவா நீந்துங்க, சரியாயிரும்" என்றார் டாக்டர். அதில் 'மெதுவா' மட்டும் தாமஸ் காதில் ஏறவே இல்லை.

நீச்சல் குளத்தில் சொல்லிக் கொடுக்கிற நஸ்ரியா, காலில் துடுப்பு மாதிரி மாட்டக் குட்டை ஃபின்ஸும் உள்ளங்கையில் தட்டு மாதிரி மாட்டச் சின்ன பேடிலும் வாங்கச் சொன்னாள். கடையில் பார்த்தால் பேடில் எல்லா சைஸும் ஒரே விலை. ஒரே விலைக்குப் பெரியது கிடைக்கும்போது சின்னதை வாங்க அவருக்கென்ன கிறுக்கா? ஃபின்ஸை வாங்கவே இல்லை. நோவு கையில், காலுக்கு எதற்குச் செலவு?

"என்னங்க அங்கிள், முறம் மாதிரி இருக்குது?" என்றாள் நஸ்ரியா.

"பெருசுன்னா ஜாஸ்தித் தண்ணி தள்ளும் அம்மணி. சீக்கிரம் கொணமாயிரும்."

"தள்ளறது பேடில் இல்லீங்க, உங்க தோளு."

"முப்பது வருசமா தண்ணி தள்ளற மெசினோட பொழைக்கறேன். எனக்கா சொல்ற?"

நாலு நாள் முறத்தால் தண்ணீரை வாரி அடித்தார். அஞ்சாம் நாள் சட்டைக்குள் கை நுழையவில்லை. பொத்தான் போட்டுவிட்ட மனைவி ரெபேக்கா சும்மா இருப்பாளா?

"ஏனுங்க, வைத்தியத்துக்குப் போனீங்களா, சண்டைக்குப் போனீங்களா? சப்பரக் கட்டையத் தூக்கச் சொல்லி எந்தம்பி ஜெப்ரிகிட்டச் சொல்லிப்போடட்டுங்களா?"

"சொன்னீன்னா எனக்குச் சோறே வேண்டாம்."

"வேணும்னாலும் நாந்தானுங்க ஊட்டோணும்."

அன்றைக்கென்று உடுமலைப்பேட்டையிலிருந்து கந்தப்பன் வந்தார், தென்னந்தோப்புக்காரர். வண்டியில் எரிந்த மோட்டார். தாமஸ் மோந்து பார்த்தார்.

"பம்புக்குள்ள சுத்தற சக்கரத்த மாத்தினீங்களா?"

"ஒரு சைஸ் பெருசாப் போட்டேனுங்க. தண்ணி ஜாஸ்தி வருமேன்னு."

"அஞ்சு எச்பி மோட்டாருங்க அது! தாங்காத பாரத்த இழுத்தா காயில் எரியாம என்ன பண்ணும்? இருக்கற சக்தி என்னன்னு பாக்காம, பெருசு பெருசுன்னு போய் வாங்கறவனுக்கு மண்டையில..."

வாய் அங்கேயே நின்றுவிட்டது. இடது கை தானாகப் போய் வலது தோளைத் தடவியது.

கந்தப்பன் மீதித் திட்டுக்காக மரியாதையாகக் காத்திருந்தார். "அப்பறமுங்க?"

"அப்பறம் ஒண்ணுமில்லீங்க. எல்லாருக்கும் வர்ற ஆசதான்."

"ஏனுங்க, ஒடம்புக்கு முடியலீங்களா?" என்று பதறிப்போனார் கந்தப்பன்.

பத்து நாள் ஓய்வுக்குப் பிறகு தாமஸ் ஃபின்ஸ் வாங்கினார். சின்ன சைஸ் பேடிலும் வாங்கினார். அந்த சைஸில் இருந்தது ரோஸ் கலர் மட்டுந்தான், மேலே மீன் படம் வேறு. நஸ்ரியா அதன் மணிக்கட்டு வாரையும் கழற்றிவிட்டாள். "கை தப்பா எறங்குச்சுன்னா அதுவே கழண்டு காட்டிக் கொடுத்துருமுங்க."

காட்டிக் கொடுத்தது. கை தலைக்குக் குறுக்கே இறங்கும்போதெல்லாம் பேடில் கழன்று குழந்தைகள் பக்கம் மிதந்து போகும். "தாத்தா, உங்க மீனு!" என்று அவர்கள் கத்துவார்கள். ஜெப்ரியின் மகளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி, வீட்டில் சொல்லாமலா இருப்பாள்? தாமஸ் பொறுத்துக்கொண்டார். கால் தள்ளியது, தோள் மெல்ல இளகியது. திருவிழாவுக்கு முந்தின வாரம் மீன் ஒரு தடவைகூடக் கழலவில்லை.

திருவிழா அன்று கட்டை அவர் தோளில் ஏறியது. ஜெப்ரி வழக்கம்போல் பின்னால் நடந்தான். முதல் தெருமுனையில் தாமஸ் திரும்பிப் பார்த்தார்.

"மாப்ள, வந்து புடி."

ஜெப்ரி தன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தான். "என்னையவுங்களா மாமா?"

"ஒன்னயத்தான். காயில் சூடாவுது. அடுத்த முக்கு வரைக்குந்தான், ஆமா!"