ரப்பரை இழுத்த வாய்

பொம்மை அச்சு இரண்டு பாதியாக இருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்து, பழைய சைக்கிள் டியூப்பில் வெட்டிய ரப்பரால் இறுக்கிக் கட்ட வேண்டும். கட்டு தளர்ந்தால் ஊற்றிய மண் கரைசல் இடுக்கு வழியாக ஒழுகிவிடும். ஒரு கை அச்சைப் பிடித்திருக்கும். இன்னொரு கை ரப்பரைச் சுற்றும். நுனியை இழுத்துப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. அதற்குப் பல்தான். கடைவாயில் கடித்துக்கொண்டு தலையைப் பின்னால் சாய்த்தால் ரப்பர் நீளும். விருத்தாசலத்தில் நான் வேலை பார்த்த பட்டறையில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் கட்டினோம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்துப் பழகியதுதான்.

எங்கள் மேசையில் இரண்டு பேர். நானும், அடுத்த தெரு அக்கா ஒருத்தியும். சொந்தம் கிடையாது. ஆனால் என் இரண்டாவது பிரசவத்துக்கு என் அம்மா வர முடியாமல் போனபோது, பக்கத்தில் இருந்து எல்லாம் செய்தவள் அவள்தான். அதற்குப் பிறகு எனக்குத் தனியாக ஒரு சொந்தம் தேவைப்படவில்லை.

அவரவர் அச்சை அவரவரே கட்டி அவரவரே ஊற்றுவதுதான் வழக்கம். ஒரு கொலு சீசனுக்கு முன்னால் அக்கா புதிதாக ஒன்று சொன்னாள்.

"ஏன்டி, நீ கட்டு, நான் ஊத்துறேன். உன் கை ஓடுற ஓட்டத்துக்கு என்னால ஆவாது. மேஸ்திரிகிட்ட ரெண்டு பேருக்கும் கூலியச் சமமாப் போடச் சொல்லிக்கலாம்."

எனக்குப் பெருமையாக இருந்தது. பட்டறையில் யாரும் யாரையும் புகழ மாட்டார்கள். சரிக்கா என்றேன். அன்றிலிருந்து எங்கள் மேசை அச்சு முழுவதும் என் வாய் வழியாகத்தான் போனது.

மார்கழிப் பனியில் காதுக்குள் வலி வந்தது. காது என்றுதான் நினைத்தேன். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விட்டேன். காது நன்றாகத்தான் கேட்டது. வலி நிற்கவில்லை. பிறகு வாயைத் திறக்கும்போது காதுக்கு முன்னால் டக்கென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. பக்கத்தில் இருப்பவர்களுக்கே கேட்கும். ஒருநாள் காலையில் கொட்டாவி விட்டவள் வாயை மூட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். தாடையைத் தடவித் தடவித்தான் மூடினேன். என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கொஞ்ச நேரம் வாய மூடிக்கிட்டு இருந்து பாரு. எல்லாருக்கும் நல்லது" என்றார்.

சிரிப்பு வந்தது. சிரிக்கவும் வலித்தது.

சோற்றைக் குழைய வடித்தேன். முறுக்கை விட்டேன். கறியை விட்டேன். பிள்ளைகளைத் திட்டுவதைக்கூடக் குறைத்துக்கொண்டேன். கட்டுகிற வேலையை மட்டும் விடவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாரும்தானே கடித்து இழுக்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்படி மாடத்தில் ஒரு தம்ளர் தண்ணீருக்குள் கண்ணாடி மாதிரி ஏதோ வளைவாகக் கிடந்தது.

"என்னக்கா இது?"

"அதுவா? எங்க மாமியாவோட பல்லு செட்டுடி."

"பல்லே இல்லாத செட்டா?"

"செய்யிறவன் பாதியிலயே உட்டுட்டான். போ, அத ஏன் பாக்குற" என்று சிரித்துக்கொண்டே தம்ளரை உள்ளே எடுத்துப்போனாள்.

நானும் சிரித்தேன். அவள் மாமியார் கொல்லையில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தேன். ஒன்றோடு ஒன்றை நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

வலி கூடிப் போனபோது அக்காவிடம்தான் சொன்னேன். காதுக்கு முன்னால் சரியாக வலிக்கிற இடத்தில் விரலை வைத்து, "இங்கதானே?" என்றாள். ஆமாம் என்றேன். சட்டென்று விரலை எடுத்துக்கொண்டாள்.

"கடைவாப் பல்லு சொத்தையாயிருக்கும்டி. புடுங்கிப் போட்டா சரியாயிடும்."

ரயில் ஜங்ஷன் போகிற வழியில் ஒருவர் பல் பிடுங்குவார். படித்த டாக்டர் இல்லை. அக்காவே கூட்டிப் போனாள். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். தட்டினார். எல்லாம் வலிக்கிறது என்றேன். ஒன்றைப் பிடுங்கினார். அக்கா பின்னால் நின்று என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வலி போகவில்லை. மறுபடி போனோம். "வேரு அடுத்த பல்லுக்குப் பரவியிருக்கும்மா" என்று இன்னொன்றையும் எடுத்தார். அப்போதும் தலையைப் பிடித்தது அக்காதான். பிடுங்கிய பல்லைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. ஒரு புள்ளி இல்லை.

பல்லும் போனது, வலியும் அப்படியே இருந்தது. வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. கரண்டி போகாது. பிள்ளையின் சின்னப் பால் கரண்டியில் கஞ்சி குடித்தேன். இனி சோறு என்று ஒன்று சாப்பிடுவேனா என்ற பயம் வந்துவிட்டது. யாரிடமும் கேட்காமல் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினேன். நெய்வேலி, பண்ருட்டி என்று வழி முழுக்கப் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் பல்லுக்கென்று தனிக் கட்டடம். ஒரு சின்ன வயது டாக்டரம்மா என் இரண்டு காதுக்கு முன்னாலும் விரலை வைத்து, திறங்க, மூடுங்க என்றது. பல்லைப் பார்க்கவே இல்லை.

"என்ன வேலம்மா செய்றீங்க?"

சொன்னேன்.

"எப்படிக் கட்டுவீங்க? செஞ்சு காட்டுங்க."

என் முந்தானை நுனியைக் கடித்துத் தலையைச் சாய்த்து இழுத்துக் காட்டினேன். டாக்டரம்மா எழுந்து என் கையைப் பிடித்து நிறுத்தியது.

"போதும், போதும். பல்லுல ஒண்ணுமே இல்லம்மா. தாடை மூட்டு தேஞ்சு வீங்கிப்போயிருக்கு. இனிமே எதையும் கடிச்சு இழுக்கக் கூடாது. ராத்திரி போட்டுக்க ஒரு பிளேட்டு செஞ்சு தரோம்."

எப்படி இருக்கும் என்று காட்ட, மேசைமேல் இருந்த ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தது. கண்ணாடி மாதிரி. வளைவாக. பல் பதிந்த பள்ளம் மட்டும் இருந்தது. பல் இல்லை.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புரிகிறதா அம்மா என்று டாக்டரம்மா கேட்டது. புரிகிறது என்றேன்.

கொலு சீசனுக்கு முன்னால் அவள் என் கையைப் புகழ்ந்தது, தம்ளரை உள்ளே எடுத்துப்போனது, வலிக்கிற இடத்தில் கேட்காமலே விரல் வைத்தது எல்லாம் திரும்பி வரும் பஸ்ஸில் வரிசையாக வந்தது. அவளுக்கு இந்த வலி எனக்கு முன்னாலேயே வந்திருக்கிறது. கடித்து இழுக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவள் இழுப்பதை நிறுத்திவிட்டாள். என்னை இழுக்க விட்டாள்.

மறுநாள் மேசையில் நேராகவே கேட்டேன்.

"நீயும் புதுச்சேரிக்குப் போனியாக்கா?"

ஊற்றிக்கொண்டிருந்த குவளை நின்றது.

"யாரு சொன்னா?"

"அந்தப் பிளேட்டு யாரோடது?"

அவள் குவளையைக் கீழே வைத்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள்.

"சொன்னா நீயும் கட்ட மாட்ட. அப்புறம் யாருடி கட்டுறது? மேஸ்திரி ரெண்டு பேரையும் வூட்டுக்கு அனுப்பியிருப்பான். உனக்குச் சின்ன வயசு, தாங்கும்னு நெனச்சேன்."

"ரெண்டு பல்லு போச்சேக்கா."

"அவன் நல்ல பல்லையே புடுங்குவான்னு எனக்குத் தெரியுமா?"

"தலையப் புடிச்சது நீதானே."

அவள் மூக்கைச் சிந்தினாள். பக்கத்து மேசைக்காரி, "என்னாடி ரெண்டு பேரும் குசுகுசுன்னு? எங்களுக்கும் சொன்னா நாங்களும் அழுவோம்ல" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

இனி அவரவர் அச்சை அவரவரே கட்டுவோம் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். அச்சை முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, இரண்டு கையாலும் ரப்பரை இழுக்கப் பழகினேன். பாதி வேகம்தான் வந்தது. "என்னா, தூங்குறியா?" என்று மேஸ்திரி கத்துவார். கத்தட்டும் என்று இருந்தேன். ராத்திரி பிளேட்டைப் போட்டுக்கொண்டேன். உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தேன். கொட்டாவி வந்தால் மோவாயைக் கையால் தாங்கிக்கொண்டேன். மாசி மகத்துக்கு வாய் இரண்டு விரல் நுழையத் திறந்தது. சோறு சாப்பிட்டேன். முழுசாக இன்றுவரை திறக்கவில்லை.

அக்கா தினமும் மத்தியானம் எனக்கென்று குழைந்த பருப்புச் சோறு ஒரு டப்பாவில் கொண்டுவந்து வைப்பாள். மெல்ல வேண்டாத சோறு. எது முடியும், எது முடியாது என்று அவளுக்குத் தெரியாதா? நான் தொடாமல் திருப்பித் தள்ளிவிடுவேன். மறுநாளும் வைப்பாள்.

ஒருநாள் என் டப்பாச் சோறு கெட்டுவிட்டது. பசி. அவள் டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். அவள் என் எதிரில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாயந்திரம் மற்றப் பெண்களிடம், "நாங்க பேசிக்கிட்டோம்டி, இனிமே ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

நான் பேசவில்லை. பசிக்குச் சாப்பிட்டேன், அவ்வளவுதான். அதை யாரிடமும் போய்த் திருத்திச் சொல்லவில்லை.

டப்பாவைக் கழுவி, துடைத்து, அவள் பையில் வைத்தேன். மறுநாள் மேஸ்திரியிடம் கேட்டு வேறு மேசைக்குப் போய்விட்டேன்.