கோல் கம்பத்துக்குப் பின்னால்

எங்கள் கிளப் கோல் போட்டதை நான் ஒரு தடவையும் பார்த்ததில்லை. கேட்டிருக்கிறேன். மைதானத்தின் மறுகோடியில், பனிமூட்டத்தின் வெள்ளைக்குள், ஒரு சத்தம் பொங்கி எழும்பும். தகரம் தட்டுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து யாராவது மூச்சிரைக்க ஓடி வந்து, "இடது காலு வாத்தியாரே, கம்பத்துல பட்டு உள்ள போச்சு" என்பார்கள். நம்பிக்கொள்வேன்.

என் இடம் எங்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால். தோட்டத்திலேயே சமமான நிலம் அந்த மைதானம் ஒன்றுதான். ஒரு பக்கம் மலையை வெட்டிய மண்சுவர். மறுபக்கம் தேயிலைச் சரிவு, அதன் அடியில் பூண்டுலோயாவுக்குப் போகும் ரோட்டு. பகல் சாய்ந்ததும் மூட்டம் அந்த ரோட்டு வழியாகவே ஏறி வரும், பாரம் ஏற்றிய லொறி மாதிரி வளைவுக்கு வளைவு நின்று. வந்துவிட்டால் கோல் காக்கிற ஆளுக்கு, எங்கள் பேச்சில் கோலிக்கு, தன் கை மட்டும்தான் தெரியும். அதற்காக ஏற்பட்ட வழக்கம் இது: கோட்டோரம் நிற்கிற ஆட்கள் பந்து போகும் பக்கத்தை வாய்க்கு வாய் கடத்துவார்கள். கடைசி வாய் கோலிக்குப் பின்னால் நின்று அவனிடம் சொல்லும். "வலது... வலது... நடுவுல... அடிக்கப் போறான்!" அந்தக் கடைசி வாய் நான். ஒரே அறையில் ஐந்து வகுப்புக்குப் பாடம் சொல்கிற தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாருக்குக் குரல் இருக்கும் என்று பிடித்து நிறுத்தினார்கள். நின்றவன் நின்றவன்தான். முதல் பாதியில் வெளிச்சம் இருக்குமே, அப்போது பார்த்திருக்கலாமே என்று கேட்கலாம். முதல் பாதியில் கோல் போடுகிற பழக்கம் எங்களவர்களுக்கு இல்லை.

கிளப்பை நான் தேர்ந்தெடுக்கவில்லை. எந்த லயத்து வரிசை வீட்டில் பிறந்தோமோ அந்தத் தோட்டத்துச் சட்டை. தோற்றால் திங்கட்கிழமை காலையில் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்தில், தோற்ற முகங்களோடேயே நிற்க வேண்டும். வேறு கிளப்பை விரும்ப வேண்டுமென்றால் வேறு தோட்டத்தில் பிறந்திருக்க வேண்டும்.

கிளப் மேனேஜர்களைப் பற்றி என் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை. அதனால் அது இத்தனை வருடமும் கெடாமல் இருக்கிறது.

இலங்கை சுதந்திரமான பிறகும் எங்களுக்கு முதல் மேனேஜர் வெள்ளைக்காரத் துரைதான். அவரே இறங்கி ஆடுவார். அவர் காலில் பூட்ஸ், மற்ற எல்லார் காலிலும் மண். பந்து அவரிடம் போய்விட்டால் எதிராளிகளும் வழிவிட்டு நிற்பார்கள். யாராவது மறித்தால் அவனை வேலை வாங்கும் கங்காணி ஏசுவான். அவர் காலத்தில் நாங்கள் நிறையக் கோல் போட்டோம். அதெல்லாம் கோலில் சேர்த்தியில்லை. குடியுரிமைச் சட்டத்தோடு ஓட்டு எங்களை விட்டுப் போன பிறகும் கிளப்பில் மட்டும் வருடத்துக்கு ஒருமுறை கை தூக்கினோம், கேப்டனைத் தெரிவு செய்ய. மேனேஜருக்குக் கை தூக்குகிற வேலை இல்லை. அவர் ஆபீசிலிருந்து வருவார், மழை வருகிற மாதிரி.

அப்படி வந்தவர்தான் பெரிய கிளாக்கர், தோட்டத்து ஆபீசின் தலைமைக் குமாஸ்தா. யாழ்ப்பாணத்துக்காரர். குடையை ஊன்றிக்கொண்டு கோட்டோரம் நிற்பார். பந்தைப் பார்க்கவே மாட்டார், ஆட்களின் முகத்தைத்தான் பார்ப்பார். எவனுக்கு மூச்சு வாங்குகிறது, எவனுக்கு வீட்டில் சண்டை, எல்லாம் முகத்திலேயே தெரிந்துவிடும் அவருக்கு. நான் கண்டதில் அவர்தான் நல்ல மேனேஜர். அவரிடம் மாட்டிக்கொண்டதும் அதனால்தான்.

மாட்டிக்கொண்டவர் என் மச்சான், தங்கையின் புருஷன். எங்கள் கோலி. வாரமெல்லாம் கவ்வாத்துக் கத்தியோடு தேயிலைச் செடியைக் குட்டையாக வெட்டிவிடுகிற வேலை. விரல்கள் காப்புக் காய்த்து வளைந்தே இருக்கும், பந்தைப் பிடித்த கணத்தில் உறைந்துவிட்டவை போல. அவருக்கு ஒரே ஆசை, லொறி ஓட்ட வேண்டும். றொசல்லப் பக்கத்துத் தோட்டம் ஒன்று எங்களோடு ஆட வந்தது. ஆட்டம் முடிந்து அந்தத் தோட்டத்து மேனேஜர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். வந்தால் லொறியில் கிளீனர் வேலை, போகப்போக டிரைவர், குடியிருக்க மழை ஒழுகாத காம்பரா ஒன்று, தங்கைக்கும் அங்கேயே கொழுந்து பறிக்கிற வேலை. ஒரே ஒரு நிபந்தனை. எங்கள் தோட்டத்திலிருந்து பத்துச்சீட்டு வாங்கி வர வேண்டும்.

அதைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆளை வேலையிலிருந்து நீக்கும்போது கொடுக்கிற சீட்டு அது. அது இல்லாமல் வந்தவனை இன்னொரு தோட்டம் சேர்க்காது. ஒரு சண்டை, ஒரு எதிர்ப்பேச்சு, உடனே "பத்துச்சீட்டக் குடுத்துருவேன்" என்பார்கள், கிழவன்கூட நடுங்குவான். ஊரே வரக்கூடாது என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்ட அந்தச் சீட்டை வேண்டுமென்று கேட்டு நின்ற ஒரே மனுஷன் என் மச்சான்.

நானும் கூடப் போனேன். பெரிய கிளாக்கர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பி, உம்மை விட்டிட்டு நான் ஆரைக் கொண்டுவந்து கோலுக்க நிப்பாட்டுறது?"

"ஐயா, கிளீனர் வேல ஐயா. எத்தன நாளைக்குத்தான் கத்தி புடிக்கிறது?"

"விளங்குது. இந்தக் கப் முடியட்டும், பாப்பம்." என் பக்கம் திரும்பினார். "மாஸ்டர், நீர் கிளப்புக்கு விசுவாசமான ஆளெல்லோ? நீரே இவருக்குச் சொல்லும்."

நான் சொல்லவில்லை. ஆனால் என் வயிற்றில் ஏதோ ஒன்று ஆறுதலாகப் படுத்துக்கொண்டதை மறைக்கவும் முடியாது. எங்கள் கோலி எங்களிடமே இருக்கிறார்.

அந்தக் கப் முடிந்தது, அடுத்ததும் முடிந்தது. வென்றால், "கப் எடுத்துத் தந்த கையை ஆர் விடுவான்?" தோற்றால், "இப்ப விட்டா எனக்கல்லோ வெக்கம்." றொசல்லக்காரர்கள் மட்டும் இடத்தை வைத்துக்கொண்டே காத்திருந்தார்கள், அவர்களுக்கும் நல்ல கோலி கிடைக்கவில்லை. தங்கைக்கு வாய் நீளம். கூரை ஒழுகுகிற இடத்தில் சட்டியை வைத்துக்கொண்டே சொன்னாள்:

"அண்ணே, ஒங்க ரெண்டு பேருக்கும் என்னத்துக்கு வீடு, பொண்டாட்டி? அந்த ரெண்டு கம்பத்தையே கட்டி வச்சிருக்கலாம். கூர கூட இல்ல, ஒழுகவும் ஒழுகாது."

மச்சான் சிரித்தார். மறுநாள் மைதானத்துக்குப் போகும் வழியில் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். அன்று கப்புக்கான கடைசி ஆட்டம்.

"மச்சான், இன்னிக்கு மூட்டம் எறங்குன பெறகு நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

"ஏன்?"

"வேணும்னு விட மாட்டேன். அது துரோகம். ஆனா பந்து எங்க இருக்குன்னே தெரியாம போனா, அது யாரு குத்தம்? நாலு கோலு வாங்குனா பெரிய கிளாக்கர் ஐயாவே தூக்கிப் போட்டுருவாரு. சீட்டு கையில வந்துரும்."

வாழ்நாளில் அந்த ஒரு நாள்தான் என் கிளப் தோற்க வேண்டும் என்று நினைத்து மைதானத்துக்குள் போனேன். நினைத்தேனா? நினைக்க முயன்றேன்.

இரண்டாம் பாதியில் மூட்டம் இறங்கியது. மறுகோடியில் சத்தம் பொங்கியது. எங்களுக்கு ஒரு கோல். பிறகு ஆட்டம் எங்கள் பக்கம் திரும்பியது. கோட்டோரத்து வாய்கள் "எடது, எடது" என்று எனக்குக் கடத்தின. நான் அதை வாங்கி விழுங்கினேன். எனக்கு முன்னால் மச்சானின் முதுகு, ஈரத்தில் கறுத்த சட்டை, ஒரு பக்கமும் சாயாமல் நின்றது.

"வாத்தியாருக்கு என்னா, தொண்ட கட்டிருச்சா?" என்றான் பக்கத்தில் ஒருவன்.

"பொண்டாட்டி காப்பித்தண்ணி குடுக்கல போல" என்றான் இன்னொருவன்.

முதல் பந்து கம்பத்துக்கு வெளியே போய்த் தேயிலைக்குள் விழுந்தது. தேடி எடுத்து வரும்வரை நின்றோம், நானும் அந்த முதுகும். அப்புறம் வெள்ளைக்குள்ளிருந்து கால்களின் சத்தம் வந்தது. ஈர மண்ணில் ஓடுகிற வெறுங்கால்கள். ஒரு "தொப்". மச்சானின் முதுகு அங்கே இல்லை. வலது மூலையில் தரையோடு நீட்டிக் கிடந்தார். பந்து நெஞ்சில் அணைந்திருந்தது, பசித்த பிள்ளை மாதிரி.

நான் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். எல்லாருக்கும் முதலில் கத்தியவன் நான். கத்தி முடித்த பிறகுதான் எதற்காக வந்தோம் என்பது நினைவுக்கு வந்தது. மச்சான் எழுந்து என்னைப் பார்த்தார். மண் ஒட்டிய முகத்தில் கோபம் இல்லை.

"கை கேக்கல மச்சான்" என்றார்.

அன்று கப் எங்களுக்கு. பெண்கள் மண்சுவருக்கு மேலே நின்றிருந்தார்கள். அங்கிருந்து மூட்டத்தில் எதுவும் தெரிந்திருக்காது. வீட்டுக்குப் போனபோது தங்கை அடுப்படியில் இருந்தாள். அடுப்பைப் பார்த்தபடி, "ஒங்க சத்தம் கேட்டுச்சு அண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

பெரிய கிளாக்கர் ஓய்வு பெற்று ரயிலேறி ஊர் போனார். வழியனுப்பப் போய் மாலை போட்டோம். மச்சானின் கையைத்தான் அதிக நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. அவருக்குப் போக ஓர் ஊர் இருந்தது, போகலாமா என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ரயில் வளைந்து மறைகிறவரை நான் அதையே நினைத்துக்கொண்டு நின்றேன். அவருக்குப் பின் வந்தவர் தொழிற்சங்கத்துத் தலைவர். அணியில் ஒவ்வொரு லயத்துக்கும் ஓர் ஆள் என்று பிரித்துப் போட்டார். நியாயமான மனுஷர், அதனால் தோற்றுக்கொண்டே இருந்தோம். அவரும் பத்துச்சீட்டு என்றதும் பதறினார். "நம்ம ஆளுக்கு நாமளே சீட்டு வாங்கிக் குடுத்தோம்னு ஊரு பேசுமேப்பா!"

கடைசியாக வந்தவர் சின்னத் துரை, தோட்டத்து உதவி அதிகாரி. சிங்களவர், கொழும்பில் படித்தவர், சரளமாகத் தமிழ் பேசுவார். பள்ளிக்கூடத்துக் கரும்பலகையை மைதானத்துக்குத் தூக்கிவரச் சொல்லி வட்டம் வட்டமாகப் போட்டு விளக்குவார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. எங்கள் விளையாட்டை முதன்முதலாக ஒருவர் யோசித்துப் பார்க்கிறார் என்று தோன்றியது. அவர் நெட்டையான வாலிபன் ஒருவனைக் கோலியாகக் கொண்டுவந்தார். அந்த வாரமே பெரட்டில், எல்லார் முன்னாலும், மச்சானிடம் சொன்னார்: "நீ போறதுன்னா போ. இனி தேவையில்ல. சீட்டு எழுதச் சொல்லிட்டேன்."

அவ்வளவுதான். இத்தனை வருடம் கெஞ்சியது, கொழுந்துக் கூடை இறக்கி வைக்கிற நேரத்துக்குள் முடிந்துபோனது. மச்சான் களத்தைவிட்டு வந்து என் பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்தார்.

"போறேன்னப்ப விடல. இப்ப போடாங்குறாங்க. சந்தோசமா இருக்கணும்ல மச்சான்? ஏன் இப்புடி வலிக்கிது?"

றொசல்லத் தோட்டத்து லொறியே வந்து சாமான்களை ஏற்றிப் போனது. தங்கை முன்னால் உட்கார்ந்து, ஒழுகலுக்கு வைத்த அந்தச் சட்டியை மடியில் வைத்திருந்தாள்.

அடுத்த பருவத்தில் அவர்கள் எங்களோடு ஆட வந்தார்கள். மச்சான் லொறியைப் பின்னுக்கு எடுக்க வழிகாட்டிக்கொண்டே இறங்கினார். காக்கிக் கால்சட்டை, எண்ணெய்க் கறை. தங்கையும் வந்திருந்தாள், கொஞ்சம் சதை போட்டிருந்தாள். எனக்கு அது போதும்.

மூட்டம் இறங்கியது. நான் என் இடத்தில் நின்றேன், எனக்கு முன்னால் நெட்டை முதுகு. மறுகோடியில் மச்சான், அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் இந்த வழக்கம் கிடையாது. நான் கத்தினேன். "எடது! எடது! தட்டிட்டான், போயிருச்சு, அந்தப் பக்கம் போயிருச்சு!" என்றேன். மறுகோடியில் சத்தம் பொங்கவில்லை. மறுபடி, "போயிருச்சு!" மறுபடி ஒன்றும் பொங்கவில்லை. மூன்றாம் தடவை அந்த வெள்ளைக்குள்ளிருந்து பழகிய குரல் ஒன்று, எல்லாரும் கேட்கும்படி வந்தது:

"இன்னுங் கொஞ்சம் சத்தமா, மச்சான்!"

மைதானமே சிரித்தது. ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. நான் எங்கள் கோலிக்குச் சொன்னதெல்லாம் அவருக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. இங்கிருந்து போனால் அங்கே வருகிறது என்றுதானே அர்த்தம்.

சின்னத் துரை சிரிக்கவில்லை. "மாஸ்டர், ஒங்க வாய் அடுத்த டீமுக்கு வேல செய்யுது. இனிமே அங்க நிக்கிறதுன்னா சத்தம் போடாம நில்லுங்க."

லொறி புறப்படும்போது தங்கை வெளியே தலை நீட்டினாள். "அண்ணே, அங்கேயும் பள்ளிக்கூடத்துக்கு ஆளு தேடுறாங்க. வந்துருங்க. ஒங்க மச்சானுக்குப் பின்னால நின்னு கத்தலாம்."

"எனக்கு யாரு பத்துச்சீட்டு குடுப்பா?" என்றேன்.

"ஒங்களுக்கு என்னாத்துக்கு? நீங்கதான் ஆட்டக்காரரே இல்லையே!"

லொறி வளைவில் திரும்பியது. சிரித்தபடி கை காட்டினேன். ஆனால் அவள் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஆட்டக்காரனை ஒருநாள் யாராவது வேண்டாம் என்பார்கள். பார்த்துக்கொண்டு நிற்பவனை யாரும் சேர்க்கவில்லை, யார் நீக்குவது? இப்போது இரண்டு அரசாங்கமும் எங்கள் ஆட்களை இந்தியாவுக்கு இவ்வளவு, இலங்கைக்கு இவ்வளவு என்று பிரிக்கப் போவதாகப் பேசுகிறார்கள். லயத்தில் அதே பேச்சு. எந்தப் பக்கம் என்று கேட்டால் என் வாயில் முதலில் வருவது மைதானத்தின் பக்கங்கள்தான்.

அடுத்த ஆட்டத்துக்கு, அட்டன் பக்கத்து அணி ஒன்றோடு, போகக்கூடாது என்று இருந்தேன். கால் தானாகப் போய்விட்டது. வாயைத் திறக்கவில்லை, உத்தரவு. மூட்டம் வந்தது. கோட்டோரத்து வாய்கள் வழக்கப்படி எனக்குக் கடத்திக்கொண்டே இருந்தன. நெட்டைப் பையனின் கால்கள் இடமும் வலமும் மாறித் தவிப்பது கேட்டது. நான் கையைக் காட்டினேன். என் கையே எனக்குத் தெரியவில்லை.

அவன் வெள்ளைக்குள்ளிருந்து கேட்டான்.

"வாத்தியாரே, இருக்கீங்களா?"

"இருக்கேன் தம்பி" என்றேன். "எங்க போயிரப்போறேன்? வலது பக்கம் பாரு. வர்றான்."