நேர்காணலுக்கு முன் ஒரு நகர்வலம்

அக்கா மலேசியாவின் கெடா மாநிலத்தில், குருணுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பிறப்பை யாரும் பதியவில்லை. அதனால் ஐம்பத்தெட்டு வயதிலும் அவளிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. இந்த நாட்டில் இருக்கலாம், ஆனால் குடிமகள் இல்லை. அதே தொழிலாளர் லயத்து வீட்டில் எட்டு வருடம் கழித்துப் பிறந்த எனக்குக் குடிமக்களுக்கான நீல அட்டை. அதற்காக நான் தனியாக எதுவும் செய்ததில்லை.

எத்தனையோ மனுக்களுக்குப் பிறகு போன வருடம் குடியுரிமை நேர்காணலுக்கு மாநிலத் தலைநகர் அலோர் ஸ்டாருக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. கெடாவின் சரித்திர இடங்களைப் பற்றிக் கேட்பார்கள் என்று கோயிலில் யாரோ கிளப்பிவிட்டார்கள். நேர்காணல் பிற்பகல் இரண்டுக்கு. நாங்கள் காலை ஒன்பதுக்கே ரயிலை விட்டு இறங்கிவிட்டோம்.

"படிச்சா மண்டையில நிக்காது தம்பி. ஒரு தடவ கண்ணால பாத்துட்டா மறக்க மாட்டேன்லா," என்றாள்.

வாடகை மோட்டார் சைக்கிள் எடுக்கப் போனோம். கடைக்காரர் பிணையாக ஐசி, அதாவது அடையாள அட்டை, கேட்டார். அக்காவின் பத்திரங்களை மூன்று முறை சரிபார்த்த நான், என் ஐசியை வீட்டு மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அக்கா தன்னுடையதை நீட்டினாள். சிவப்பைக் கண்டதும் அவர் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று மலாயில் கேட்டார்.

"சாயா ஓராங் குருண்," என்றாள் அக்கா, நான் குருண்காரி, எனக்கு எதற்குப் பாஸ்போர்ட் என்ற தோரணையில். அவர் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.

பெரிய பள்ளிவாசல், அரச மண்டபம், மணிக்கூண்டு எல்லாம் ஒரே திடலைச் சுற்றி நிற்கின்றன. நடந்தே பார்த்துவிடலாம் என்பது மோட்டாரை எடுத்த பிறகுதான் தெரிந்தது. எடுத்ததற்காக நான்கு சுற்று சுற்றினோம். பட்டுச்சேலையில் ஒருக்களித்து உட்கார்ந்த அக்கா, என் முதுகுக்குப் பின்னால் பெயர்களை ஒப்பித்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு இடத்திலும் இறங்கிச் சிலிப்பரைக் கழற்றினாள். மணிக்கூண்டின் முன்னாலும் கழற்றியபோது எனக்கு எரிச்சல் வந்தது.

"இது கோயிலா?"

"தூண் இருக்குல்ல. மரியாதையா நின்னா என்ன கொறஞ்சு போகுது?"

மஞ்சள் கோபுரம் ஒன்று இருந்தது. அரச மேளங்களை வைக்கும் இடம் என்றேன்.

"மேளத்துக்கு மூணு மாடியா? நம்ம லயத்துல ஏழு பேருக்கு ஒரே ரூம்புலா." இதை நேர்காணலில் சொல்லாதே என்று எச்சரித்தேன்.

ஒரு மணிக்கு மோட்டாரைத் திருப்பிக் கொடுத்து அக்காவின் ஐசியை வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனோம். கூப்பிட்டதும் அக்கா மட்டும் உள்ளே போனாள். பத்தே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டாள்.

"மணிக்கூண்டு கேட்டாங்களா?"

"ஒரு எடமும் கேக்கல. முடிவு கடுதாசியில வருமாம். ஒங்கப்பா ஏன் ஒன்னய பதியலன்னு மட்டும் அந்த ஆபிசர் பொண்ணு கேட்டுச்சு."

"என்ன சொன்னே?"

"தம்பி பொறந்தப்ப அப்பாவ கையப் புடிச்சு, அப்பல்லாம் பொறப்பு பதியிற போலீஸ் ஸ்டேசனுக்கு இழுத்துக்கிட்டுப் போயி, பேர பதிய வச்சது நான்தான்னு சொன்னேன். என்னய பதிய வைக்க, எனக்கு ஒரு அக்கா இல்லன்னு சொன்னேன்."

அன்றுவரை எனக்கு இது தெரியாது.