ஐநூறு ஸ்லக், எத்தனை டன்?

போன வெள்ளிக்கிழமை காலை, சிவகாசியில் ஒரு மெஷினுக்குச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். போகாமல் இருந்திருந்தால்?

என்னோடு இன்ஜினியரிங் படித்த கார்த்தியின் அப்பாவை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். பட்டாசுப் பெட்டிக்கு அட்டை வெட்டும் பழைய அமெரிக்க பஞ்சிங் மெஷின் ஒன்றை வாங்கியிருந்தார். அது டிரெய்லரோடு ஷெட்டுக்குள் நிற்கிறது. மேலே இரும்பு கர்டரில் எடை தூக்கும் சங்கிலிக் கப்பி, செயின் பிளாக். அது தாங்கும் அளவு அதன் மேல் கொட்டை எழுத்தில்: '5 டன்'. பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் மெஷினைத் தூக்கி அஸ்திவாரக் குழியில் இறக்கிவிட வேண்டும்.

குழிக்குள் சுடலை அண்ணன். மெஷின் இறங்க இறங்க, அடியில் குந்தியபடி, போல்ட் ஓட்டைக்கு நேராக வருகிறதா என்று பார்த்துக் குரல் கொடுப்பது அவர் வேலை.

"வெயிட் எவ்வளவுடா?" என்று கார்த்தியைச் சும்மாதான் கேட்டேன்.

"நாலாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோ. அஞ்சு டன்னுக்குள்ள கச்சிதமா அடங்குது."

கச்சிதம்... எனக்கு அது பிடிக்கவில்லை. மெஷினோடு வந்த டிராயிங்கை வாங்கிப் பார்த்தேன். நிறை: 500 ஸ்லக்.

ஸ்லக் என்பது அடி, பவுண்டு காலத்து அலகு. ஒரு பவுண்டு விசையால் தள்ளினால், வினாடிக்கு வினாடி ஓர் அடி வேகம் கூடும் பொருளின் நிறை ஒரு ஸ்லக். விசையை வைத்து நிறையைச் சொல்லும் சுற்றுவழி. கார்த்தி விசை என்று கண்டதும் ஐநூறை 9.8-ஆல் பெருக்கிவிட்டான்; அதுதான் அந்த நாலாயிரத்துத் தொள்ளாயிரம். பள்ளிக்கூடத்திலிருந்து நம் எல்லோருக்கும் கை அங்கேதானே போகும்? ஆனால் 9.8 என்ற புவியீர்ப்பு எண் மீட்டர் கணக்கு. அடிக் கணக்கில் அது 32. ஆக ஒரு ஸ்லக் என்பது முப்பத்திரண்டு பவுண்டு சொச்சம் — கிட்டத்தட்ட பதினாலரைக் கிலோ. ஐநூறுக்கு?

ஏழு டன்னுக்கு மேல்!

"நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன்.

"ஏம்மா, நல்ல நேரத்துல..." அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது.

கார்த்தி சிரித்தான். "காலேஜ்லயும் இவ இப்படித்தான்ப்பா. பரீட்சை முடிஞ்சு வெளிய வந்தும் ஆன்சர் சொல்லிக்கிட்டே இருப்பா."

நான் சொல்ல, அவன் மறுக்க, குரல் ஏறிக்கொண்டே போனது. குழிக்குள்ளிருந்து சுடலை அண்ணன் தலையை நீட்டினார்.

"சின்ன முதலாளி கணக்கும் இருக்கு, தாயி கணக்கும் இருக்கு. எந்தக் கணக்குக்குக் கீழ நான் உக்காரணும்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க. அம்புட்டு நேரம் வெளிய வந்து ஒரு டீ குடிச்சுக்கிடுதேன்."



பட்டாசு ஆலைகள் சூழ்ந்த எங்கள் பக்கம் எங்காவது பெரிய சத்தம் கேட்டால், 'என்ன அது' என்று யாரும் கேட்பதில்லை. முதலில் வீட்டு ஆட்களுக்கு போன் போடுவோம். எடுத்துவிட்டால்தான் மூச்சு வரும். அண்ணாச்சியும் அப்படிப் பல தடவை போன் போட்டவர்தான். கடிகாரத்தைப் பார்த்தார். குழியைப் பார்த்தார்.

"ஏலே, வண்டிய எடு. எடை மேடைக்குப் போ."

"அப்பா, ராகுகாலம்..."

"வந்தா வந்துட்டுப் போகுது. எடுலே!"

மெஷினோடு எடை போட்டு, பதிவுப் புத்தகத்தில் இருந்த வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் ஏழு டன்னைத் தாண்டியது. கார்த்தி டிராயிங்கை மடித்தான், பிரித்தான், திரும்ப மடித்தான். அஞ்சு டன் செயின் அதைத் தாங்கியிருக்கலாம். எழுதியிருக்கும் அளவுக்கு மேல் கொஞ்சம் கூடுதல் பலம் வைத்துத்தான் செய்கிறார்கள். தாங்காமலும் போயிருக்கலாம். பேப்பரில் ரெண்டு டன் வித்தியாசம் என்பது வெறும் ரெண்டு. அடியில் குந்தியிருக்கிற மனுஷனுக்கு?

சாயங்காலம் விருதுநகரிலிருந்து பத்து டன் செயின் பிளாக் வந்தது. சுடலை அண்ணன் குழியில் இறங்குமுன் நேராக என்னிடம் வந்தார். "இப்ப உக்காரலாமா தாயி?"

இதுவரை எத்தனையோ கணக்குக்கு விடை சொல்லியிருக்கிறேன். இப்படி ஒருத்தர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டதில்லை. எடை மேடையே சொன்ன பிறகும், புது செயின் பிளாக்கில் எழுதியிருந்த '10 டன்'னை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன்.

"உக்காருங்கண்ணே" என்றேன்.

சங்கிலி கடகடவென்று இறங்கியது. மெஷின் தரையைத் தொடும்வரை, மனதுக்குள் ஐநூறைத் திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டே இருந்தேன்... ஒவ்வொரு முறையும் முதல் முறை மாதிரி பயந்துகொண்டே.