நிலாவெளிக்குப் போகமுன் குளிசையைக் குறைக்காதீர்கள்

போன வருடம் ஆவணியில் ரொறன்ரோவிலிருந்து திருகோணமலைக்குப் போனோம். என் கணவர் அன்ரனின் தங்கை மகளுக்கு லிங்கநகரில் கலியாணம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி வாடகை வான் வண்டியில் ஐந்தரை மணித்தியாலம், முப்பத்தையாயிரம் ரூபா. சாரதி நசார் கிண்ணியாக்காரர். நல்ல மனுசனாகத் தெரிந்ததால் அவரையே ஒரு கிழமைக்குப் பேசிக்கொண்டோம். கடற்கரையைப் பற்றி எழுதத்தான் இருந்தேன். வயிறு எரிந்துகொண்டிருக்கும்போது நீலக்கடலை வர்ணிக்க எனக்கு வராது.

ஊருக்குப் போகிற எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். சொக்லேட் வாங்கினோம், முழுப் பரிசோதனை செய்தோம், பயணக் காப்புறுதி எடுத்தோம். கலியாணப் படத்தில் வடிவாக நிற்கவேண்டும் என்று அன்ரன் நாலு மாதம் நடந்து எடை குறைத்திருந்தார். டொக்டர் மெச்சி, பிறஷருக்குப் போடும் குளிசையைப் பாதியாக்கினார். அன்று வீட்டில் பாயாசம்.

இரண்டாம் நாள் காலை ஏழு பத்துக்கு, நாங்கள் அறை எடுத்திருந்த நிலாவெளிக் கடற்கரையில் மீனவர்கள் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் கயிற்றைப் பிடிக்கலாம், ஒருவரும் மறிப்பதில்லை. அன்ரன் பிடித்தார். பத்து நிமிடத்தில் கயிற்றை விட்டுவிட்டு மணலில் இருந்துவிட்டார். முகம் வெளிறிப்போய், சட்டை முழுக்க வேர்வை. நெஞ்சுக்குள் பாரமாக இருக்கிறது என்றார்.

நசார் அவரைத் தாங்கிப்பிடித்து வானில் ஏற்றினார். நகரத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் பதினைந்து கிலோமீற்றர். அன்ரன் கேட்ட முதல் கேள்வி, "இன்சூரன்சுக்குப் போன் அடிச்சனீரோ?" என்பதுதான். அவர்களிடம் முதலில் அனுமதி எடுக்காவிட்டால் காசு வராது என்று பொலிசியில் தடித்த எழுத்தில் இருந்ததை மனப்பாடமாக வைத்திருந்தார். கனடாவில் நெஞ்சு நொந்தால் சுகாதார அட்டையை நீட்டுவோம், அவ்வளவுதான். வெளிநாட்டில் அந்த அட்டையால் கிடைப்பது பேருக்கு ஏதோ கொஞ்சம்.

ஓடுகிற வானிலிருந்தே காப்புறுதிக் கொம்பனிக்குப் போன் எடுத்தேன். பதினொரு நிமிடம் பாட்டுக் கேட்கவைத்தார்கள். பிறகு வந்த பெண் பொலிசி இலக்கம், பிறந்த திகதி எல்லாம் ஆறுதலாக விசாரித்தாள். கடைசி மூன்று மாதத்துக்குள் மருந்தில் ஏதும் மாற்றமா என்று கேட்டாள். குறைத்திருக்கிறது என்றேன், கொஞ்சம் பெருமையாகக்கூட. குறைத்தாலும் மாற்றம்தானாம், ஆகவே இருதயம் சம்பந்தப்பட்ட எதற்கும் தாங்கள் பொறுப்பில்லையாம். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அன்ரனுக்கும் கேட்டுவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் போனை ஜன்னலால் எறிந்திருப்பேன். ஒரு மனுசன் சுகமானதற்கா தண்டனை?

அப்போது சாம்பல்தீவைக் கடந்துகொண்டிருந்தோம், பாதி வழி வந்தாயிற்று.

"தம்பி, வானைத் திருப்புங்கோ. அறையில போய்ப் படுத்தால் மாறிடும்," என்றார் அன்ரன். மூச்சு வாங்குகிறது, ஆனால் பிள்ளைகளின் தலையில் செலவைக் கட்டமாட்டேன் என்ற பிடிவாதம் மட்டும் போகவில்லை.

நசார் வேகத்தைக் குறைக்கவே இல்லை. "திருப்ப ஏலாது அண்ணன். நம்மட ஆஸ்பத்திரியில பில்லே போட மாட்டாங்க. பில் இல்லாத இடத்துக்குப் போக ஆருக்கிட்ட அனுமதி கேக்கிறீங்க?"

ஏழு ஐம்பதுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். மாரடைப்பு. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டார்கள். பெயர், வயது, என்ன வருத்தம், என்ன மருந்து என்பதைத் தவிர ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் போயிருந்தால் ஆளைக் காப்பாற்றியிருக்க ஏலாது என்று டொக்டர் பிறகு சொன்னார். கலியாணத்தை வார்ட்டில் படுத்தபடி போனில் பார்த்தார். ஆறாம் நாள் நோய் விபரம் எழுதிய ஒரு மட்டையைத் தந்து அனுப்பினார்கள். நசார் சொன்னதுபோலவே, பில் இல்லை.

போக இருப்பவர்களுக்கு: காப்புறுதி எடுக்கும்போது, மருந்து மாறி எத்தனை நாளாகியிருக்க வேண்டும் என்று கேளுங்கள். குறைத்தாலும் மாற்றமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பரிசோதனையைப் பயணத்துக்கு ஐந்து மாதம் முன்னரே முடியுங்கள். எங்களுக்கு இரட்டைக் குடியுரிமை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் உள்ளவர்களிடம் கட்டணம் கேட்கலாம், விசாரியுங்கள். நெஞ்சு நொந்தால் முதலில் ஆஸ்பத்திரி. போனைக் கூட இருப்பவர் பிறகு எடுக்கட்டும்.

வருகிற தையில் நசார் வீட்டுக்குச் சாப்பிட வருவதாகச் சொல்லியிருக்கிறோம். போன கிழமை எங்கள் குடும்ப டொக்டர், அவரும் தமிழர்தான், பிறஷர் நன்றாக இறங்கியிருக்கிறது, ஒரு குளிசையைக் குறைக்கலாம் என்றார். அன்ரன் விரலை மடித்து மாதங்களை எண்ணிப் பார்த்தார்.

"இப்ப வேண்டாம் டொக்டர்," என்றார். "போயிட்டு வந்து சுகமாகிறன்."