கல்யாணத் தேதி பிடிக்கும் பட்டன்

பெர்லினில், நொய்க்கோல்ன் பக்கத்துக் கணினிக் கிறுக்கர்களில் லோதாரைத் தெரியாதவர் கிடையாது. கடையில் விற்கிற லேப்டாப்பைத் தொட்டாலே அவனுக்குத் தீட்டு. அவனுடையது, யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்துகொள்ளட்டும் என்று வரைபடத்திலிருந்து திருகாணி வரை ஊருக்கே திறந்து காட்டிவிட்ட லேப்டாப், செங்கல் கனம். அதில் திரையிலுள்ள அம்பை நகர்த்த ஓர் உருட்டுப் பந்து, அதைச் சுற்றி ஐந்து பட்டன்கள். எந்தப் பட்டனுக்கு என்ன வேலை என்பதை நாமே மாற்றி எழுதிக்கொள்ளலாம். முடியும் என்ற ஒரே காரணத்துக்காக லோதார் வாரம் தவறாமல் மாற்றினான்.

அது லேசுப்பட்ட காரியமுமில்லை. அடித்தகட்டைக் கழற்றி, நகத்தளவு ஸ்விட்சைத் தள்ளி, ஒயரைச் செருகி, பட்டன்களை ஆட்டிவைக்கும் ஃபர்ம்வேர் நிரலைப் புதிதாக ஏற்றி, திரும்ப மூடவேண்டும். அதுவரை பந்தை உருட்டினாலும் அம்பு அசையாது. கிறுக்கர்கள் கூடும் செவ்வாய்க்கிழமை கிளப்பில் இதை அவன் விவரித்தால், மாத்தே என்கிற மூலிகைச் சோடா பாட்டிலும் கையுமாக நாலு தாடிக்காரர்கள் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலுக்காக ஐயா சோறு தண்ணி மறப்பார்.

கூடவே வாழ்ந்த காதலி இம்கேவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவளுடைய அப்பாவுக்கு இதயம் பலவீனம்; கோடைக்குள் அவர் கண்முன்னே கல்யாணம் நடக்கவேண்டும். அதற்குத் திருமணப் பதிவு அலுவலகத்தில் தேதி பிடிக்கவேண்டும். காலையில் இணையத்தில் தேதிகள் வரும், வந்த வேகத்தில் காணாமல் போகும்.

"என் போன்லயே பாத்துடறேனே," என்றாள் இம்கே.

"உளவு பாக்கற கம்பெனி போன்லயா நம்ம கல்யாணம்? விடு என்கிட்ட. இதுக்குன்னே நடு பட்டனை மாத்தி எழுதியிருக்கேன்."

எழுதித்தான் இருந்தான். நடுப் பட்டனைத் தட்டினால் இணையப் பக்கம் புதிதாக ஏறும். அதுவரை அங்கே இருந்த கிளிக் வேலையை இடது பட்டனுக்குத் தள்ளியிருந்தான். தட்டினான், தட்டினான், ஜூன் மாத வெள்ளிக்கிழமை ஒன்று திரையில் வந்து நின்றது. அம்பைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்தான். கட்டைவிரல் பழைய பழக்கத்தில் நடுப் பட்டனையே அமுக்கியது. பக்கம் மறுபடி புதிதாக ஏறியது, வெள்ளிக்கிழமை போயே போய்விட்டது.

"பரவால்ல, திரும்பத் தட்டு," என்றாள் இம்கே. அதற்குள் அவன் லேப்டாப்பைப் பக்கவாட்டில் நிறுத்தித் திருகாணியைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான்.

"என்ன பண்ற நீ?"

"இரு, ஒரே வரிதான் மாத்தணும்."

எப்போதாவது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் அந்தப் பக்கம் இப்போது இன்னொரு தேதியைக் காட்டியது. "வந்துருச்சு பாரு! அமுக்குடா!"

"ஒயர் செருகியாச்சு. இப்ப பந்து வேலை செய்யாதே."

தேதி மறைவதை இம்கே பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் முகத்தை லோதார் பார்க்கவில்லை. ஃபர்ம்வேர் பிழையில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது.

அடுத்த செவ்வாயன்று கிளப்பில் இந்தத் தவறைப் பற்றியே அரைமணி நேரம் பேசினான். பழைய பழக்கத்தில் அமுக்கினாலும் இனி ஒன்றும் ஆகாதாம், அப்படித் திருத்திவிட்டானாம். தாடிகள் கைதட்டின. கல்யாணமே முடிந்துவிட்ட நிறைவோடு வீடு திரும்பினான்.

சில நாள் கழித்து, காலை உணவின்போது இம்கே தன் போனை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "தேதி கிடைச்சிருச்சு."

லோதாருக்குச் சுருக்கென்றது. "நான்தான் பட்டனைச் சரிபண்ணிட்டேனே, அதுக்குள்ள என்ன அவசரம்? சரி, கிடைச்சதும் நல்லதுதான். அப்பாவுக்குச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். ரூமைத் தயார்பண்ணி வைக்கறாராம்."

அவன் போனை எடுத்துப் படித்தான். திருமணப் பதிவு அலுவலகம் இல்லை. வீடு மாறுகிறவர்கள் பதியும் அலுவலகம். முகவரி மாற்றம், நபர் ஒருவர்.

"வேற எதையோ தப்பா அமுக்கிட்ட போல."

"இல்ல லோதார்," என்றாள் இம்கே. "சரியாத்தான் அமுக்கினேன்."