முஹைதீன் நானாவின் நாக்கு

ஊருக்குச் சோடா என்றா அப்பச்சோடா. மாவில ஒரு சிட்டிகை போட்டா அப்பம் பொங்கும். உடுப்பு ஊறவைக்கிறது சலவைச்சோடா, கொஞ்சம் முரடு. முஹைதீன் நானா வாயில சோடா என்று வந்தா அது கோஸ்டிக் சோடா மட்டுந்தான். "மூணும் ஒரே குடும்பம்தான்டா, இவன்தான் பொல்லாதவன். தேங்காயெண்ணெயோட சேர்த்துச் சவுக்காரமாக்கினாத்தான் அடங்குவான்" என்பார்.

கட்டுகஸ்தோட்டையில என்ட கடைக்குப் பின்வளவில தனியா இருந்துதான் சவுக்காரம் ஊத்தினார். மனுசி மவுத்தாகிப் போய்ச் சேர்ந்துட்டா. ஒரே மகள் ருக்கியாவைப் பேராதனையில கட்டிக் குடுத்தாச்சு. கட்டி இறுகினதும் நாக்கு நுனியில தொட்டுப் பார்ப்பார். சுள்ளென்று கடிச்சா சோடாக் காரம் மிஞ்சியிருக்கு, இன்னும் காயவேணும். கடிக்காட்டி என்ட கடைக்கு வரும்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்துமூணாம் வருஷம் ருக்கியா புள்ளை பெத்தாள். "வாப்பா ஊத்தின சவுக்காரத்திலதான் புள்ளையைக் குளிப்பாட்டுவேன்" என்று ஆள்விட்டுச் சொன்னாள். மனுஷன் கண்டி டவுனுக்குப் போய்ச் சீமைச் சவுக்காரம் ஒன்று வாங்கி அனுப்பினார். எனக்கே ஆத்திரம் வந்தது, பெத்த மகளுக்கு வராதா? அதுக்குப் பிறகு அவள் இந்தப் பக்கம் வரவேயில்ல.

அடுத்த வருஷம் ஒருநாள் எங்கட வீட்டில பால் போடாத பிளேண்டித் தேத்தண்ணிக்குச் சீனி என்று உப்பைப் போட்டுட்டாங்க. நானா முழுக்கக் குடிச்சிட்டு, "நல்லாயிருக்கு நஸீம்" என்றார். நான் வாயில வச்சதும் துப்பினேன். அவர் முகம் செத்துப்போச்சு.

"நாக்கு மரத்து ரெண்டு வருஷம். காரம் தின்ட நாக்கு. பெரியாக்கள்ட கட்டியை ரெண்டு மாசம் காயப்போட்டுச் சமாளிக்கிறேன். பச்சைப்புள்ளைக்கு எந்த நம்பிக்கையில குடுக்க?"

"என்னைத் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கலாமே நானா."

"சொன்னா நாக்குச் செத்தவன்ட சவுக்காரத்தை ஆரு வாங்குவாங்க?"

"சரி, மகள்ட்டயாவது நான் போய்ச் சொல்றேன்."

"வேணாம். பாவம் பார்த்து வர வேணாம். கோவத்திலயாவது என்னை நினைச்சுக்கொண்டு இருக்கிறாளே, அது போதும்."

மடையன் நான், வாக்குக் குடுத்துட்டேன். மூணு வருஷம் வாயே திறக்கல்ல. பக்கத்திலயே கடை வச்சிருந்தும் அந்த மனுஷன் தனியாக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நானா மவுத்தாகி, மையத்தை அடக்க எடுக்கிற அன்று ருக்கியா வந்தாள். அப்பதான் எல்லாத்தையும் சொன்னேன். அவள் அழல்ல.

"முந்தியே சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனே சாச்சா" என்றாள்.

புள்ளை அவள் கையைப் பிடிச்சுக்கொண்டு நின்றான். பேரன் நானாவைப் பார்த்த முதல் நாள் அதுதான்.